மனசு துரையின் புத்தகம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் இளம் கிராணிமார் மூவர் என் வீட்டுக்கு வந்தார்கள். தோட்ட ஆபீசில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவர்கள். ஒருவர் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. தோட்டத்து ஆட்கள் தங்கள் வேலையில் எவ்வளவு மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று கேட்டு, அட்டவணையில் எழுதி அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த தாள். "இத எப்படி நெரப்புறதுங்க ஐயா?" என்று கேட்டார்கள்.

நிரப்புவதில் ஒரு சிரமமும் இல்லை. 1928-இல் நானும் இப்படி ஒன்றை நிரப்பியிருக்கிறேன். கோடு பிசகாமல், மை சிந்தாமல், பார்த்தவர்கள் பாராட்டும்படி நிரப்பினேன். என் இருபத்தைந்து வருட வேலையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அதுதான். அன்று அவர்களிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

ரப்பர்ப் பால் நிறுப்பது, விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிடுவது, மாதக் கடைசியில் ஆள் வருகையும் சம்பளமும் எழுதும் செக்ரோலைக் கூட்டி முடிப்பது ஆகியவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு மாதம் திட்டு வாங்கித் தெரிந்துகொள்வீர்கள்.

எங்கள் தோட்டம் மலாயாவில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து மாட்டுவண்டிப் பாதையில் வெகுதூரம் உள்ளே இருந்தது. வழிதவறி யாரும் அங்கே வந்துவிட முடியாது. வருகிறவர்கள் ஏதாவது ஓர் எண்ணத்தோடுதான் வருவார்கள். 1928 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி அனுப்பியதாக ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கினார். சீமையில் ஆலைத் தொழிலாளர்களின் சோர்வையும் சலிப்பையும் அளந்தவராம். எந்த ஆள் வேலையில் மனம் ஒட்டி நிற்கிறான், எவன் ஒட்டாமல் நிற்கிறான் என்று கண்டுபிடிக்கும் சாஸ்திரம் அவருடையது. அதைப் பற்றிச் சிங்கப்பூரிலிருந்து புத்தகம் தருவித்து நானும் படித்திருந்தேன். சாஸ்திரத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. வேலை செய்யும் இடத்தின் காற்றும் வெளிச்சமும் ஓய்வும் மனிதனின் மனத்தைத் தொடும் என்று முதலில் யோசித்தவர்கள் நல்லவர்கள். இவர் அவர்களுடைய புத்தகத்தைப் படித்தவர், அவ்வளவுதான்.

நோய் பார்க்க வருகிறவர் டாக்டர் தொரை. நிலம் அளக்க வருகிறவர் அளவு தொரை. மனத்தைப் பார்க்க வந்தவருக்கு லயத்து வீடுகளில் குடியிருந்த ஆட்கள் அன்று சாயங்காலமே பெயர் வைத்துவிட்டார்கள்: மனசு தொரை.

முதல் இரண்டு நாள் அவர் கையில் கடிகாரத்தோடு, மரம் சீவிப் பால் எடுக்கும் வெட்டுக்காட்டில் நின்றார். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே எத்தனை விநாடி, யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்றெல்லாம் குறித்தார். யாரை வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று பார்க்க வந்திருக்கிறார் என்று ஆட்களுக்குள் பேச்சு. வியாழக்கிழமை பால் நிறுத்தபோது வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. மனசு துரை பூரித்துப் போனார். "பார்த்தீர்களா? ஒருவர் தங்களைக் கவனிக்கிறார் என்றாலே இவர்களுக்கு உற்சாகம் பிறக்கிறது" என்று என்னிடம் சொன்னார். அன்றைய என் நாட்குறிப்பில் இருப்பது இது: 'பால் கூடுதல். காரணம், பயம்.' அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் கேள்விகள் தொடங்கின. பால் நிறுத்து முடிந்ததும், பாலை ரப்பராக்கும் ஸ்டோருக்குப் பின்னால் நிழலில் ஒரு மேசை போட்டோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆட்கள் ஒவ்வொருவராக வரவேண்டும். மனநிறைவுக்கு ஐந்து படிகள். ஒன்று என்றால் மிகக் குறைவு, ஐந்து என்றால் நிறைவு. ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை நான் கேட்டு எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் குறிப்பு.

முதலில் வந்தவர் புல் வெட்டும் வயதான வெளிக்காட்டு ஆள். நான் விளக்கிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அஞ்சுல எத்தனைன்னா எப்படிங்க? அரிசியா, அளந்து சொல்றதுக்கு?" என்றார்.

"உங்க மனசுக்கு எவ்வளவு திருப்தியோ அத சொல்லுங்க."

"எவ்வளவு சொன்னா தொரைக்குத் திருப்தி?"

"தொரைக்கு இல்ல. உங்களுக்கு."

"எனக்குன்னு கேட்டா, போய்ப் படுக்கணும். அதுக்கு எத்தன?"

மூன்று என்று எழுதிக்கொண்டேன்.

தோட்ட மேனேஜரான பெரிய துரையின் பங்களாச் சமையல்காரர் அந்தோணி வந்தார். பங்களா வேலைக்காரர்களும் எங்கள் செக்ரோலில்தான் இருந்தார்கள், கடைசிப் பக்கத்தில். உட்காரவே இல்லை. "அஞ்சு போடுங்க கிராணி. ஆறு இருந்தா ஆறு போடுங்க. அடுப்புல சூப்பு கெடக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார். மனசு துரை அந்த ஆளை வெகுநேரம் வியந்துகொண்டிருந்தார். வேலையில் இவ்வளவு ஒட்டுதல் உள்ளவரை அவர் பார்த்ததில்லையாம். அந்தோணி மூன்று மாதமாகச் சிங்கப்பூரில் வேறு பங்களாவில் இடம் தேடிக்கொண்டிருந்தார் என்பது லயத்தில் நாய்க்கும் தெரியும்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

தொடங்குவதற்கு முன்பே மனசு துரை சொல்லிவிட்டார்: "பெயர் எழுத வேண்டாம். பெயர் இருந்தால் பயந்து உண்மை சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு ஓர் எண் போடுங்கள்." நல்ல யோசனை. வேறு எவனாக இருந்தாலும் வருகிற வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருப்பான். நான் கிராணி. தோட்டத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது, செக்ரோல் எண். அந்த எண்ணில்தான் அவர் வேலைக்கு வந்தாரா வரவில்லையா என்று எழுதுகிறோம், அந்த எண்ணில்தான் அரிசி, மருந்து எல்லாம். ஓர் ஆளுக்கு இரண்டாவது எண் கொடுப்பது கிராணியின் கண்ணுக்கு அழுக்கு. ஆகவே செக்ரோல் எண்ணையே போட்டேன். போட்டுவிட்டுப் பெருமையும் பட்டேன். மனசு துரை பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பெயர் எதுவும் இல்லை. அது அவருக்குப் போதும். எனக்கும் போதும். படித்த இரண்டு பேர் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரு தோட்டத்தையே காட்டிக்கொடுத்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை பேச்சியம்மா வந்தாள். மேட்டு நிரையில் பால் வெட்டும் பெண். அப்போது கையில் எட்டு மாதக் குழந்தை. தாய்மார் காட்டுக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக வந்திருந்தாள். மேசைக்கு எதிரே நின்று என்னை மட்டும் பார்த்தாள்.

"பேரு போடுவீங்களா, கிராணி ஐயா?"

"போட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நம்பர் மட்டுந்தான்."

"அப்ப சொல்றேன். அஞ்சுல ஒண்ணு போடுங்க. அந்த ஒண்ணும் மரத்துக்காகத்தான். மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"என்ன கொறை?"

"ஆயாக்கொட்டக கூர ஒழுகுது. மழ பெஞ்சா ஆயா எல்லாத் தொட்டிலையும் ஒரே மூலைக்கு இழுத்துப் போடுது. நான் மேட்டுல நிக்கிறேன். மேகம் கறுத்தா எனக்குக் கை நிக்க மாட்டேங்குது. புள்ள நனையுதோன்னு ஒரே நெனப்பு. கத்தி ஆழமா எறங்கிருது. மரத்துக்குக் காயம். காயம் பட்டா வேல வாங்குற தண்டல் வாயில வர்றதெல்லாம் சொல்லித் திட்டுறாரு. கொட்டகையில நாலு அத்தாப்பு ஓல மாத்திக் குடுங்க. எங்கை நேரா நிக்கும். தொரைகிட்ட இத சொல்லுங்க."

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மனசு துரை கடிகாரத்தைப் பார்த்தார். "நீளமாகச் சொல்கிறாள். சாரம் என்ன?"

"குழந்தைகள் இருக்கும் கொட்டகையின் கூரை ஒழுகுகிறது, சார். அதனால்தான் மரத்தில் காயம் படுகிறது என்கிறாள்."

"அது கட்டட விஷயம். எண் என்ன சொன்னாள்?"

"ஒன்று."

"அதுதான் சாரம். அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்."

பிள்ளைகளே, கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தாயின் மனம் எங்கே இருக்கிறது, அது கைக்கு எப்படி வருகிறது, கையிலிருந்து மரத்துக்கு எப்படிப் போகிறது, அதற்கு மருந்து என்ன என்று அந்தப் பெண் நான்கு மூச்சில் சொல்லி முடித்தாள். கடல் தாண்டி வந்த சாஸ்திரம் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால், கட்டட விஷயமாம்.

எழுதுவதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். இடதுபுறம் எண் 117. நடுவில் 1. வலதுபுறம் கூரை, தொட்டில், கை, கத்தி, காயம்.

மனசு துரை ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கப்பலேறினார். அடுத்த வருடம் அவருடைய அறிக்கை அச்சாகி வந்தது. தோட்டத்தில் மனநிறைவு மொத்தத்தில் திருப்திகரம் என்று சொல்லியது. பொறுமையாக எழுதிக்கொடுத்த கிராணிக்குப் பெயர் சொல்லாமல் ஒரு நன்றி. பெயர் சொல்லாமல் விடுவதில் அவர் கெட்டிக்காரர். என் கையெழுத்தில் இருந்த மூலப் புத்தகம் பெரிய துரையின் அலமாரிக்குப் போயிற்று. அத்தாப்பு மட்டும் எங்கும் போகவில்லை.

1930-இல் ரப்பர் விலை விழுந்ததைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடமே ஒரு கூட்டத்தை வேலையிலிருந்து நிறுத்தி, ஊருக்கு, இந்தியாவுக்குக் கப்பலேற்றினோம். 1931 ஜனவரியில் வழக்கம்போலப் புதுச் செக்ரோல் திறந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய கிராணி ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். போனவர்களுடைய எண்ணைக் காலியாக விடக்கூடாது. இல்லாத ஆளை அந்த ஓட்டைக்குள் யாராவது நுழைத்துவிடுவார்கள் என்பார். நானும் அப்படியே ஓட்டைகளை அடைத்துக்கொண்டு போனேன். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் முன்னால் நகர்ந்தார்கள். வருடா வருடம் செய்கிற வேலை. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பெரிய துரை என்னைக் கூப்பிட்டார். இன்னும் பதினெட்டுப் பேர் போகவேண்டும் என்று கம்பெனியிலிருந்து கடிதம். அவர் மேசைமேல் என் புத்தகம் திறந்து கிடந்தது. என் அழகான கையெழுத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். சிவப்புப் பென்சிலால் குறித்த ஒரு சீட்டை நீட்டினார். வெறும் எண்கள். ஒன்றும் இரண்டும் சொன்னவர்களுடைய எண்கள்.

"இவர்களுக்கு இங்கே பிடிக்கவில்லை என்று இவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குப் போனால் சந்தோஷப்படுவார்கள். இந்த எண்களுக்கு நேராகப் பெயரை எழுதி, நாளை மத்தியானத்துக்குள் கொண்டு வா."

சீட்டின் நடுவில் 117.

பேச்சியம்மாவின் புருஷன் கருப்பையா அப்போது ஜோகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயோடு கிடந்தான். நான்கு மாதமாகிவிட்டது. அவனைக் கப்பலில் ஏற்ற எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் ரெங்கம் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலேறி, அவனுக்குச் சோறு கொண்டுபோவாள். தோட்டத்தை விட்டுப் போக அவளுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுப்பவன் நான். அவளைக் கப்பலேற்றினால் அவனுக்குச் சோறு கொண்டுபோக ஆள் இல்லை. செத்தால் தூக்கவும் ஆள் இல்லை. இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"ஒவ்வொருவனுக்கும் ஏதாவது கதை இருக்கும்" என்றார் துரை.

"பெயர் வெளியே வராது என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்தோம், சார்."

"பெயர் எழுத மாட்டோம் என்றுதானே வாக்கு? எழுதவில்லையே. பார், புத்தகத்தில் ஒரு பெயராவது இருக்கிறதா?" என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார். இப்படிப்பட்ட நேர்மையோடு வாதாட முடியாது.

என் மேசைக்குத் திரும்பினேன். டைப் அடிக்கும் மிஷினில் தாளைச் சொருகினேன். பழக்கத்தில் கை தானாகவே மேசைமேல் இருந்த செக்ரோலைத் திறந்து 117-ஐத் தேடியது. அங்கே பேச்சியம்மா இல்லை. அந்தோணி, பங்களா சமையல்.

மூன்று முறை பார்த்தேன். ஜனவரியில் ஓட்டைகளை அடைத்தபோது பேச்சியம்மா முன்னால் நகர்ந்து தொண்ணூறுகளுக்கு வந்துவிட்டாள். கடைசிப் பக்கத்து ஆட்கள் நூற்றுப் பத்துகளுக்கு வந்துவிட்டார்கள். சீட்டில் உள்ள மற்ற எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்டோர் எஞ்சினை ஓட்டுகிறவர் ஒருவர். துரையின் குதிரையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். மீதிப் பேர் ஒன்றும் அறியாத வெட்டுக்காட்டு ஆட்கள்.

தப்பித்தோம் என்று குதித்தேன் என்று நினைக்காதீர்கள். பழைய செக்ரோல்படி எழுதினால் என்னை நம்பி உண்மை சொன்னவர்கள் போவார்கள். புதுச் செக்ரோல்படி எழுதினால் ஒன்றுமே சொல்லாதவர்கள் போவார்கள். துரை படிக்காமல் கையெழுத்துப் போடுகிற நாளாக இருந்தால், அந்தப் பாவமும் என் தலையில்தான். பத்துத் தாளில் எட்டை அவர் முதல் வரிக்குக் கீழே படிக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

முதல் வரியைப் படிப்பார் என்பதும் தெரியும்.

என் வேலைக்காலத்தில் எண் வரிசையை மீறி ஒரு பட்டியல் எழுதியது அந்த ஒருமுறைதான். 117-ஐ முதலில் வைத்தேன். அடுத்தது எஞ்சின்காரர். மூன்றாவது குதிரைக்காரர். மற்றவர்கள் பின்னால். அவர் கேட்டபடியே, அந்த எண்களுக்கு நேராக, இன்றைய செக்ரோலில் உள்ள பெயர்கள். ஒரு பெயரும் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டியலை வைத்தேன். துரை பேனாவை எடுத்தார். எடுத்த கை நின்றது.

"அந்தோணியா?"

"நூற்றுப் பதினேழு, சார்."

"என் அந்தோணி? என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, மனநிறைவு ஒன்று என்றா சொன்னான்?"

"அவர் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, சார். இந்த எண்களுக்குப் பெயர் கேட்டீர்கள். இன்றைக்கு இந்த எண்களில் இருப்பவர்கள் இவர்கள்."

இரண்டாவது வரிக்கு அவர் கண் போனது. பிறகு மூன்றாவதற்கு. கழுத்து சிவந்தது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, அரைகுறைத் தோட்டத் தமிழில், "ஏய்! அந்தோணி கூப்பிடு!" என்று கத்தினார்.

அந்தோணி கையில் கரண்டியோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அந்தக் கரண்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஐயோ மாதாவே! கிராணி, நான் எப்பய்யா ஒண்ணு சொன்னேன்? ஆறு போடுங்கன்னு சொன்ன வாயி இது! அந்த மனசு தொரைக்கு ரெண்டு தரம் புட்டிங் வச்சேனே, எல்லாம் தின்னுட்டா இப்படி எழுதி வச்சாரு?"

"போ, போ! நீ போ!" என்று துரை அவரைத் துரத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். இந்தப் பார்வைக்காகத்தான் முந்தைய நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

"அப்படியானால் அன்றைக்கு இந்த எண்களில் இருந்தது யார்?"

1928-ஆம் வருடச் செக்ரோல் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியில், இரண்டாம் தட்டில், நானே ஒட்டிய சீட்டோடு நின்றது. திரும்பிக் கையை நீட்டினால் போதும். பத்து வருடமாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர், எது எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டறியாதவர். எனக்கு அலமாரியைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

"எண்கள் மாறிவிட்டன, சார். பலர் போய்விட்டார்கள். இந்தப் புத்தகத்தை வைத்து நான் எந்தப் பெயரை எழுதினாலும், செக்ரோல்படி சரி என்று அதன் கீழே கையெழுத்துப் போட மாட்டேன்."

போட முடியாது என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது போட மாட்டேன் என்பதுதான். கிராணியின் கையெழுத்து இல்லாத பட்டியலை லேபர் ஆபீஸ் திருப்பி அனுப்பிவிடும். அது அவருக்கும் தெரியும். ஸ்டோர் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை ஓட்டுகிறவரின் பெயர் அவர் கையில் இருந்த தாளில் இரண்டாவதாக இருந்தது.

அவர் புத்தகத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் எறிந்தார். "அந்த ஆள் ஒரு முட்டாள்" என்றார். மனசு துரையைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. புத்தகத்தில் உள்ளது உண்மை என்பதால் பதினெட்டுப் பேர் போக இருந்தார்கள். சூப்புக்கு ஆபத்து என்றதும் அதே புத்தகம் பொய்யாகிவிட்டது. ஆராய்ச்சியின் மதிப்பு எங்கே தீர்மானமாகிறது என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், குசினியில் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பதினெட்டுப் பேரைக் காப்பாற்றியவன் என்று நான் மார்தட்ட வரவில்லை. கம்பெனிக்குப் பதினெட்டு வேண்டும், பதினெட்டு போயிற்று. அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் துரையே நின்று, போக விரும்புகிறவர்கள் உண்டா என்று கேட்டார். சிலர் கை தூக்கினார்கள். மீதிப் பேரை அவரே விரலால் சுட்டினார். அவர்களில் சிலர் அன்றைக்கு மேசை முன்னால் நின்று, ஐந்துக்கு ஐந்து என்று பயந்து சொன்னவர்கள். சுட்டிய விரல் பேச்சியம்மா நின்ற வரிசைக்கு வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்தோணியின் வாய் பெரிய வாய். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நூற்றுப் பதினேழு என்ற எண் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை, மறுநாளைக்கான அனுமதிச் சீட்டு வாங்கப் பேச்சியம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

"கிராணி ஐயா, முன்ன என் நம்பர் என்ன?"

பேனா நின்றது.

"நூத்திப் பதினேழுதானே? அரிசி வாங்குற நம்பராச்சே, மறக்குமா? அந்த நம்பரையா எழுதினீங்க?"

"ஆமா."

"பேரு போட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு?"

"ஆமா. என் தப்புதான் பேச்சி."

அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பொஸ்தகம் எங்க?" என்றாள்.

கூடையிலிருந்து எடுத்து என் மேசைக்கடியில் வைத்திருந்தேன். நான் எந்தத் தாளையும் எறிகிறவன் இல்லை. எடுத்துக் காட்டினேன்.

"நான் சொன்னத எழுதியிருக்கீங்களா, இல்ல வெறும் ஒண்ணு மட்டுந்தானா?"

"எல்லாம் எழுதியிருக்கேன்."

"படிங்க."

படித்தேன். கூரை ஒழுகுகிறது. தொட்டில்கள் ஒரே மூலையில். மேகம் கறுத்தால் கை நிற்பதில்லை. கத்தி ஆழமாக இறங்குகிறது. நான்கு அத்தாப்பு. இரண்டரை வருடத்துக்கு முன்னால் நானே எழுதியதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன். மனசு துரை அந்த வரியில் ஒன்றைப் பார்த்தார். பெரிய துரை நூற்றுப் பதினேழைப் பார்த்தார். நான் என் கையெழுத்தைப் பார்த்தேன். குறிப்புக் கட்டத்தை மூவரில் ஒருவரும் படிக்கவில்லை.

பேச்சியம்மா தலையை ஆட்டினாள். "ஆமா. இதான் சொன்னேன். ஒண்ணும் கொறையல. தொரை இத படிச்சாரா?"

"இல்ல."

"யாரு சொன்னாங்கன்னு மட்டும் தேடினாரா?"

அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள்.

"எம்புள்ள வளந்துட்டான், இப்ப கொட்டகையில இல்ல. அடுத்தவ புள்ளைங்க கெடக்குதுங்க. கூர இன்னும் ஒழுகுது, கிராணி ஐயா."